ஊருக்குப் போகும்போது பார்க்கலாம் என்று பல்லை விட்டுவிடாதீர்கள்

சிங்கப்பூருக்குப் புதிதாக வருபவர்கள் வீடு, வங்கிக் கணக்கு, பிள்ளைகளுக்குப் பள்ளி என்று ஒவ்வொன்றாக முடிக்கிறார்கள். பல்லைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பிறகு ஒருநாள் கடைவாய்ப் பல் லேசாகக் கூசும். உடனே மனத்தில் வருவது, "தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான். இங்கே பல் வைத்தியத்துக்கு ஆகும் செலவைக் கேள்விப்பட்டவர்கள் அப்படி நினைப்பதில் தப்பில்லை. ஆனால் சொத்தை தீபாவளிவரை காத்திருக்காது. இங்கே சிறிய தொகையில் முடிந்திருக்க வேண்டிய வேலை, ஊருக்குப் போவதற்குள் பெரிய வேலையாகிவிடும். பலருக்கு இப்படி நடந்ததைப் பார்த்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வலி என்ன சொல்கிறது

பல்லின் வெளிப்பூச்சான எனாமலுக்கு நரம்பு கிடையாது. சொத்தை அங்கே இருக்கும்வரை வலிக்கவே வலிக்காது. அடுத்த அடுக்குக்குப் போனதும் இனிப்பு பட்டால், குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்று இருக்கும், சில நொடிகளில் போய்விடும். இந்தக் கட்டத்தில் போனால் பெரும்பாலும் சொத்தையைச் சுரண்டி அடைத்துவிடுவார்கள். ஒரே அமர்வில் முடிந்துவிடும்.

சூடோ குளிரோ பட்ட பிறகு வலி நிமிடக்கணக்கில் நிற்கிறது, ராத்திரி படுத்தால் விண்விண் என்று தெறிக்கிறது, எந்தப் பல் என்றே சொல்ல முடியாமல் காது வரை இழுக்கிறது என்றால் சொத்தை நரம்பை எட்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இனி வெறும் அடைப்பு போதாது. ரூட் கெனால் (வேருக்குள் சுத்தம் செய்து அடைப்பது), அதன்மேல் கேப் (உறை), அல்லது பல்லை எடுப்பது என்று பேச்சு போகும்.

ரொம்பப் பேர் ஏமாறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். நாலைந்து நாள் உயிர்போகும் வலி, அப்புறம் தானாகவே நின்றுவிடும். "கிராம்பு வைத்தேன், சரியாகிவிட்டது" என்பார்கள். சரியாகவில்லை, உள்ளே நரம்பு செத்துவிட்டது. கிருமி வேரின் நுனிக்கு இறங்கிச் சீழ் கட்டும். சில வாரமோ சில மாதமோ கழித்து முகம் வீங்கி நிற்கும்போது, அதே பல்தான் காரணம் என்று புரியும். கிராம்பு எண்ணெய் ஒரு ராத்திரியைத் தாண்ட உதவும், அவ்வளவுதான். அதையும் ஈறில் ஊற்றக் கூடாது, புண்ணாகும். ஆஸ்பிரினைப் பல்லோரம் அடக்கிக்கொள்ளும் பழக்கமும் வேண்டாம், ஈறு வெந்துபோகும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையை எடுத்து விழுங்குவதும் வைத்தியமாகாது. வீக்கம் வற்றினாலும் கிருமி பல்லுக்குள்ளேயே இருக்கும். இங்கே மருத்துவர் சீட்டு இல்லாமல் அந்த மருந்தை வாங்கவும் முடியாது. வலிக்குப் பாராசிட்டமால் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கும். சிங்கப்பூரில் டெங்கி உண்டு என்பதால், பல்வலியோடு காய்ச்சலும் இருந்தால் ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் வகைகளை நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். அவை ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். கோடீன் கலந்த வலி மாத்திரைகளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதற்கும் இங்கே முன் அனுமதி தேவைப்படலாம்.

செலவு யாருடையது

இதை வந்த முதல் வாரமே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வொர்க் பர்மிட், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகளை வைத்திருப்பவர்களுக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். 2023 ஜூலை முதல் அதன் குறைந்த அளவு ஆண்டுக்கு 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஆனால் அது மருத்துவமனையில் தங்கிச் செய்யும் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவை சிகிச்சைக்கும் உரியது. பல் அடைக்கவும் சுத்தம் செய்யவும் அதைக் காட்ட முடியாது. எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற இன்னொரு வகை அனுமதியில் வந்தவர்களுக்குச் சில நிறுவனங்கள் பல் வைத்தியத்துக்கென்று தனியாக ஒரு தொகை தரும். எவ்வளவு, எந்த மருந்தகங்களில் (கிளினிக்கை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) செல்லும், கணவன் மனைவி பிள்ளைகளுக்கும் உண்டா, ஆண்டு முடிந்தால் காலாவதியாகுமா என்று மனிதவளப் பிரிவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி ஒரு தொகை இருப்பதே தெரியாமல் ஆண்டை ஓட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அக்கம்பக்கத்தில் 'சாஸ்' அட்டை, மெடிசேவ் என்று பேசுவது காதில் விழும். சாஸ் என்பது மருத்துவ, பல் வைத்தியச் செலவுக்கு அரசு தரும் மானியம், குடிமக்களுக்கு மட்டும். மெடிசேவ் மருத்துவச் செலவுக்கான சேமிப்பு. அது மத்திய சேம நிதியின் (சிபிஎஃப்) ஒரு பகுதி என்பதால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் அது உண்டு. நிரந்தரவாசம் கிடைத்த பிறகும் ஞானப்பல் அறுவை, இம்பிளான்ட் (எலும்பில் திருகு பதித்துப் பொருத்தும் செயற்கைப் பல்) போன்ற அறுவை சிகிச்சைகளுக்குப் பயன்படுமே தவிர, வழக்கமான சுத்தத்துக்கும் அடைப்புக்கும் பொதுவாக ஆகாது. பாலிகிளினிக் எனப்படும் அரசின் பலதுறை மருந்தகங்கள் சிலவற்றில் பல் பிரிவு இருக்கிறது. அங்கேயும் மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான், முன்பதிவுக்குக் காத்திருப்பும் நீளும். ஊட்ரமில் உள்ள தேசிய பல் மருத்துவ நிலையம் சிறப்பு சிகிச்சைக்கான இடம். மானியத்தோடு போக வேண்டுமானால் பலதுறை மருந்தகப் பரிந்துரை போன்ற ஒன்று கையில் இருக்க வேண்டும்.

ஆகவே புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் போவது வீட்டுக்குப் பக்கத்தில் வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்கின் கீழ்த்தளத்திலோ எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டியோ உள்ள தனியார் பல் மருந்தகத்துக்குத்தான். சுத்தம் செய்ய 100 வெள்ளி முன்பின் ஆகும். கடைவாய்ப் பல் ரூட் கெனால் பல இடங்களில் 1,000 வெள்ளியைத் தாண்டும், கேப்புக்குத் தனிக்காசு. மருந்தகத்துக்கு மருந்தகம் வித்தியாசம் அதிகம் என்பதால் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். எக்ஸ்ரேக்கு எவ்வளவு, 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்ததா, மொத்தம் எத்தனை அமர்வு என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம், இங்கே எல்லாரும் கேட்பதுதான். பெரிய சிகிச்சை என்றால் விலைப்பட்டியலை எழுத்தில் வாங்கி, வீட்டுக்கு வந்து யோசித்துவிட்டுப் பதில் சொல்லலாம். மருத்துவர் பதிவு பெற்றவரா என்பதைச் சிங்கப்பூர் பல் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயர் போட்டுப் பார்க்கலாம். தெரிந்தவர் அறையில் வைத்து மலிவாகக் கிளிப் போட்டுவிடுகிறார், பல்செட் செய்து தருகிறார் என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள்.

கட்டடத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஹெல்த்செர்வ் என்ற தொண்டு அமைப்பு வெளிநாட்டு ஊழியர்களுக்குக் குறைந்த செலவில் மருத்துவமும் பல் வைத்தியமும் பார்க்கிறது. தன்னார்வ மருத்துவர்கள் பார்ப்பதால் முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது. வலியைப் பொறுத்துக்கொண்டு சாரத்தில் ஏறாதீர்கள். பதிவு பெற்ற பல் மருத்துவர் தரும் மருத்துவச் சான்றும் சட்டப்படி செல்லும். வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தால் அதற்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவித்துவிடுங்கள்.

எதை ஊரில் செய்வது

ஊரில் எதையுமே செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. புறப்படுவதற்கு முன் இருக்கிற சொத்தையை அடைத்து, பல்லில் இறுகிப் படிந்த காரையை எடுத்து, தொல்லை தரும் ஞானப்பல்லுக்கு ஒரு முடிவு கட்டிவிட்டு வந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. எக்ஸ்ரே படங்களையும் சிகிச்சைக் குறிப்பையும் கையோடு கொண்டுவாருங்கள். ஏற்கெனவே பல்லுக்குக் கிளிப் போட்டிருந்தால் அவை கட்டாயம் வேண்டும். இன்னொருவர் தொடங்கிய கிளிப் சிகிச்சையை ஏற்க இங்கே எல்லா மருத்துவர்களும் முன்வருவதில்லை, ஏற்றாலும் செலவு புதிதாகத் தொடங்கும்.

வந்த பிறகு, வலி, வீக்கம், சிறிய சொத்தை மூன்றையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். வலியில்லாத, அவசரமில்லாத பெரிய வேலையை ஊருக்கு ஒதுக்கலாம். ஆனால் இரண்டு வார விடுமுறையில் எது முடியும் என்பதைக் கணக்குப் பாருங்கள். ரூட் கெனாலும் கேப்பும் நெருக்கிப் பிடித்தால் முடியலாம். முதல் நாளே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும், கல்யாண வீடெல்லாம் முடித்துக்கொண்டு கடைசி மூன்று நாளில் போனால் பாதியில்தான் திரும்புவீர்கள். இம்பிளான்ட்டில் திருகை எலும்பு பிடித்துக்கொள்ளவே சில மாதம் ஆகும், ஒரே பயணத்தில் முடித்துத் தருகிறோம் என்று சொல்லும் இடத்தில் ஒன்றுக்கு இரண்டு முறை விசாரியுங்கள். பல் எடுத்த மறுநாளே விமானம் ஏறுவதும் வேண்டாம். ரத்தம் கசிந்தாலோ புண் வலித்தாலோ நடுவானில் ஒன்றும் செய்ய முடியாது.

ஈறும் காரையும்

"பல்லைச் சுத்தம் செய்தால் ஆடிப்போகும்" என்ற பேச்சை நம் வீடுகளில் பெரியவர்களிடமிருந்து கேட்டே வளர்ந்திருக்கிறோம். உண்மை நேர்மாறானது. பல்லில் படியும் கிருமிப் படலம் நாளடைவில் இறுகிக் காரையாகிறது. அது ஈறின் ஓரத்தில் தங்கி, ஈறை வீங்கவைத்து, பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கிறது. எலும்பு போன பிறகு அந்தக் காரையே இடுக்குகளை நிரப்பி, பல் உறுதியாக இருப்பதுபோல் காட்டும். காரையை எடுத்ததும் இடைவெளி தெரியும், சில நாள் கூசும். பல்லை ஆடவைத்தது அதற்கு முன்பே பல வருடமாக நடந்த எலும்பு இழப்புதான். துலக்கும்போது ரத்தம் வந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்காதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் அங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும். இரண்டு வாரத்தில் நிற்கவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம்மவர்களிடம் நீரிழிவு அதிகம். சர்க்கரை ஏறினால் ஈறு நோய் முற்றும், ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கடினமாகும். நாற்பதைத் தாண்டியவர்கள் வாயில் துர்நாற்றம், ஈறில் அடிக்கடி சீழ் என்றால் பல்லோடு ரத்தச் சர்க்கரையையும் சோதித்துப் பாருங்கள். கர்ப்பிணிகளுக்கும் ஈறு எளிதில் வீங்கும், ரத்தம் வரும். கர்ப்பத்தில் பல் மருத்துவரிடம் போகக் கூடாது என்று யாராவது தடுத்தால் கேட்க வேண்டாம், கர்ப்பம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

தினமும்

நாம் காலையில் துலக்காமல் காப்பி குடிக்க மாட்டோம், ராத்திரி துலக்காமல் படுத்துவிடுவோம். மாற்றவேண்டிய பழக்கம் ஒன்றே ஒன்றுதான் என்றால் இதைத்தான் சொல்வேன். தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறையும், அந்த நேரத்தில் பல்லுக்குப் பாதுகாப்பும் குறையும். படுக்கும் முன் ஃபுளோரைடு உள்ள பற்பசையால் இரண்டு நிமிடம் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு, வாயை நிறைய தண்ணீரால் கொப்பளிக்காமல் படுங்கள். பெரியவர்களுக்கு 1,000 முதல் 1,500 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள பற்பசை போதும், டப்பாவின் பின்னால் போட்டிருக்கும். மூன்று வயதுக்குக் கீழே அரிசி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு. வேப்பங்குச்சியும் பல்பொடியும் பெரும்பாலும் ஃபுளோரைடு தருவதில்லை, கரித்தூள் வகைகள் எனாமலைத் தேய்க்கும்.

சிங்கப்பூர் 1950களிலேயே குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்க்கத் தொடங்கிவிட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் ஃபுளோரைடு என்றாலே பல்லில் பழுப்புக் கறையை நினைத்துப் பயப்படுவார்கள். அந்தக் கறை நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிதமிஞ்சி இருப்பதால் வருவது. இங்கே சேர்ப்பது குறைந்த, கண்காணிக்கப்படும் அளவு. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ஊர்ப் பழக்கத்தில் ஆர்ஓ இயந்திரம் வாங்கி மாட்டினால் அது இந்த ஃபுளோரைடையும் எடுத்துவிடும்.

அப்புறம் தே, அதாவது டீ. உணவங்காடியில் 'தே' என்று மட்டும் கேட்டால் கட்டிப்பாலும் இனிப்பும் சேர்ந்துதான் வரும். ஒவ்வொரு முறை இனிப்பு போகும்போதும் வாயில் அமிலம் கூடி அரை மணி நேரம் வரை நிற்கும். ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு சர்க்கரை என்பதைவிட, எத்தனை முறை என்பதுதான் பல்லுக்கு முக்கியம். ஒரே தேயை இரண்டு மணி நேரம் வாய்வாயாக உறிஞ்சுவது எல்லாவற்றிலும் மோசம். 'சியூ தாய்' என்றால் இனிப்புக் குறைவு, 'தே ஓ கோசோங்' என்றால் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. இந்தச் சொற்களை வந்த வாரமே கற்றுக்கொள்ளுங்கள்.

ஹான்ஸ், குட்கா, கைனி போன்ற வாயில் அடக்கும் புகையிலை எதையும் சிங்கப்பூருக்குள் கொண்டுவரக் கூடாது, சட்டப்படி தடை. பழக்கம் இருப்பவர்களுக்கு இதையே விடுவதற்கான வாய்ப்பாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கு பாதுகாப்பானது என்பதும் சரியல்ல. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள். நாள்பட மென்றால் கன்னத்தின் உட்புறம் இறுகி, காரம் பட்டால் எரிந்து, வாய் திறப்பது குறையும். மூன்று விரல்களை நிமிர்த்தி அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியவில்லை என்றாலோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, ஆறாத புண் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தாலோ வலி இல்லாவிட்டாலும் காட்டிவிடுங்கள்.

பிள்ளைகளும் அவசரமும்

அரசுத் தொடக்கப்பள்ளிகளில் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் பல் பரிசோதனை நடக்கும். உங்கள் பிள்ளைக்குக் கட்டணம் உண்டா என்று பள்ளியில் கேட்டுவிட்டு, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். விழப்போகிற பால் பல்தானே என்று சொத்தையை விட்டால் வலியும் சீழும் பிள்ளைக்குத்தான். பால் பல் சீக்கிரம் போனால் அடியில் வரும் பல் இடம் மாறியும் முளைக்கும்.

முகம் வீங்கிக் கண் மூடுகிறது, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், பல் எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை, தாடையில் பலத்த அடி என்றால் பல் மருந்தகம் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், மூச்சுத் திணறினால் 995 அழையுங்கள். விளையாடும்போது நிரந்தரப் பல் முழுதாகப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்காக இருந்தால் தண்ணீரில் ஒரு முறை அலசி, தேய்க்காமல், முடிந்தால் அதே குழியில் வைத்துத் துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போய்ச் சேரப் பாருங்கள். பால் பல்லாக இருந்தால் திரும்பச் செருக வேண்டாம், மருத்துவரிடம் காட்டினால் போதும்.