கடிதம் வருவதற்கு முன்பே கேளுங்கள்

நல்ல ஆசிரியர் ஒருவர் ராஜினாமா கடிதத்தை நீட்டிய பிறகு "ஏன் போகிறீர்கள்?" என்று கேட்டுப் பெரிய பயன் இல்லை. அதற்குள் அவர் மனசு வேறு பள்ளிக்குப் போயிருக்கும்.

தலைமை ஆசிரியர்களே, பருவத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரோடும் 15 நிமிடம் தனியாக உட்காருங்கள். மாணவர்கள் போன பிறகு, அவருடைய வகுப்பறையிலேயே பேசினால் நல்லது. தேர்ச்சி விகிதம் பற்றிய பேச்சை எடுக்காதீர்கள். "எந்த வேலை உங்கள் நேரத்தைத் தின்கிறது?" என்று கேட்டுவிட்டு அவரைப் பேசவிடுங்கள். ஒரே மதிப்பெண்ணை மூன்று பதிவேடுகளில் எழுதுவதாகச் சொன்னால், ஒன்றையாவது அந்த வாரமே நிறுத்துங்கள். முடியாதென்றால் காரணத்தை நேரில் சொல்லிவிடுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது கேட்காமல் இருப்பதைவிட மோசம்.

அப்புறம், அங்கே பேசியதை இன்னொரு ஆசிரியரிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள்.