நாய்க்குட்டிக்கு எந்தத் தீனி பொம்மை சரிப்படும்? ஒரு வாரத்தில் கண்டுபிடிக்கலாம்

செருப்பு வாரைக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்து சோபா மூலைக்குப் போகும் குட்டியைத் திட்டிப் பயனில்லை. அந்த வயதில் அதற்குக் கடிக்க வேண்டும், நக்க வேண்டும், மோப்பம் பிடிக்க வேண்டும். உள்ளே தீனி அடைத்துத் தரும் பொம்மைகள் இந்த மூன்றுக்கும் வழி செய்கின்றன. ஆனால் ஒரு குட்டிக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. அதனால் வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நல்லது.

படி 1: மூன்று பொம்மை எடுங்கள்

ஒவ்வொன்றும் வேறு மாதிரி வேலை வாங்க வேண்டும்.

காங் என்பது உள்ளே குடைவான ரப்பர் பொம்மை. மூன்று உருண்டைகளை அடுக்கியது போல இருக்கும். பால்பல் குட்டிகளுக்கென்று மெத்தென்ற ரப்பரில் தனியாக வருகிறது, அதையே வாங்குங்கள். சிவப்பு வளர்ந்த நாய்க்கு, கறுப்பு முரட்டுத்தனமாகக் கடிக்கும் நாய்க்கு. வாய் குறுகல் என்பதால் உள்ளே இருப்பதை எடுக்கக் குட்டி மெனக்கெட வேண்டியிருக்கும். டாப்பிள், வாய் அகன்ற கிண்ணம் மாதிரி. உள்ளே சின்னச் சின்ன மேடுகள் தீனியைப் பிடித்துக்கொள்ளும். புதுக் குட்டிக்கு இது சுலபம். மூன்றாவது லிக் மேட், வரிவரியான பள்ளங்கள் உள்ள தட்டை விரிப்பு. கடிக்க எதுவும் இல்லை, நக்குவது மட்டும்தான்.

படி 2: கொடுக்கும் முன் சோதியுங்கள்

கட்டைவிரல் நகத்தால் பொம்மையை அழுத்துங்கள். கொஞ்சமும் பதியவில்லை என்றால் பால்பல்லுக்கு அது ரொம்பக் கடினம். குட்டிக்கு 28 பால்பற்கள். அவை மூன்று, நான்கு மாத வாக்கில் விழத் தொடங்கும். ஏழு மாதத்துக்குள் பெரும்பாலும் 42 நிலைப்பற்களும் வந்துவிடும். இடையில் ஈறு நமநமவென்று இருப்பதால்தான் கண்டதையெல்லாம் கடிக்கிறது.

பொம்மை முழுசாக வாய்க்குள் போகிற அளவு சின்னதாக இருக்கக் கூடாது. இன்னொன்றும் பாருங்கள்: குடைவான பொம்மையில் ஒரே ஒரு துளை இருந்தால், நக்கும்போது உள்ளே காற்று உறிஞ்சப்பட்டு நாக்கு சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. மறுபக்கம் காற்றுப் போக ஒரு துளையாவது வேண்டும்.

படி 3: மூன்றிலும் ஒரே தீனி

அன்றாடம் தரும் உலர் உணவில் ஒரு பங்கை வெந்நீரில் ஊறவைத்து, ஆறியதும் மசித்துக்கொள்ளுங்கள். அதில் வெந்த பூசணியோ கேரட்டோ கொஞ்சம் சேர்க்கலாம். எடுத்த அளவைக் கிண்ணத்துச் சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் எடை ஏறிவிடும். வாசனைக்காக வேர்க்கடலை வெண்ணெய் தடவுவதாக இருந்தால் டப்பாவின் மேலுள்ள பட்டியலைப் படித்துப் பாருங்கள். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் தொடவே வேண்டாம். நாய்க்கு அது கொடிய நஞ்சு. சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு எதையும் சேர்க்கக் கூடாது.

படி 4: முதல் நாள் சுலபமாக ஜெயிக்கட்டும்

இங்கேதான் பலரும் சறுக்குகிறோம். எங்கள் குட்டிக்கு முதல் நாளே காங்கை இறுக்கமாக அடைத்து, ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்துவிட்டேன். இரண்டு முறை நக்கியது, காலால் உருட்டியது, பிறகு என்னைப் பார்த்து முனகிக்கொண்டே உட்கார்ந்துவிட்டது. மறுநாள் அதே காங்கில் உலர் உணவைத் தளர்வாகப் போட்டு, வாயோரத்தில் ஒரு துண்டு எட்டிப் பார்க்கும்படி வைத்தேன். உருட்டிய உடனே ஒன்று விழுந்தது. அவ்வளவுதான், காது இரண்டும் முன்னால் வந்துவிட்டது. அதன்பின் அது பொம்மையை விடவில்லை.

தொடக்கத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே கொடுங்கள். வெளியே கிளம்பும்போது மட்டும் கொடுத்தால், பொம்மையைப் பார்த்ததுமே நீங்கள் போகப்போகிறீர்கள் என்று குட்டி கலங்க ஆரம்பிக்கும்.

படி 5: நேரத்தை மட்டும் குறிக்காதீர்கள்

நாளுக்கு ஒரு பொம்மை, அதே வேளை, அதே அளவு தீனி. எத்தனை நிமிடம் ஈடுபட்டது என்று எழுதுங்கள். அதைவிட முக்கியமாக, முடிந்தபின் என்ன செய்தது என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் காங்தான் அதிக நேரம் பிடித்தது. ஆனால் தீர்ந்த பிறகும் குட்டி அதைத் தூக்கிப் போட்டுக் குரைத்துக்கொண்டிருந்தது. லிக் மேட் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. இருந்தாலும் கடைசிப் பள்ளத்தை நக்கிய கையோடு, முகவாயை அதன்மேலேயே வைத்துப் படுத்துவிட்டது. என்னைக் கேட்டால் தூங்க வைக்க லிக் மேட், துறுதுறுப்பைத் தீர்க்கக் காங். ஆனால் விரிப்பைக் கடித்து விழுங்கக்கூடும் என்பதால் லிக் மேட்டோடு குட்டியைத் தனியே விடாதீர்கள்.

படி 6: கடினத்தைக் கூட்டுங்கள்

தளர்வான உலர் உணவு, அடுத்து ஊறவைத்த மசியல், அப்புறம் அந்த மசியலையே நான்கு மணி நேரம் உறையவைத்தது. இந்த வரிசையில் போங்கள். குட்டி பாதியில் விட்டுவிட்டால் ஒரு படி கீழே இறங்குங்கள். பொம்மையைத் திரும்ப வாங்க வேண்டுமானால் பிடுங்காதீர்கள். வேறொரு துண்டுத் தீனியைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். பிடுங்கிப் பழக்கினால் பின்னாளில் கிட்டே வந்தாலே உறுமும்.

ஒவ்வொரு முறையும் வெந்நீரில் ஊறப்போட்டு, பாட்டில் பிரஷ்ஷால் உள்பக்கம் தேயுங்கள். அப்போதே விளிம்பையும் தடவிப் பாருங்கள். துண்டு பெயர்ந்திருந்தால் அந்தப் பொம்மையை அன்றே குப்பையில் போட்டுவிடுங்கள்.