பொருநைக் கரையில் பறவை பார்க்க மாசியில் வாருங்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருபவர்கள் பெரும்பாலும் டிசம்பரிலோ ஜூலையிலோதான் வருகிறீர்கள். பறவை பார்க்கும் ஆசை உள்ளவர்கள் ஒருமுறையாவது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவுக்குள் திருநெல்வேலிக்கு வாருங்கள். வலசை வந்த பறவைகளில் பல இன்னும் வடக்கே திரும்பியிருக்காது. உள்ளூர் நாரைகளோ கூட்டில் குஞ்சு வளர்த்துக்கொண்டிருக்கும். பிசானப் பருவ நெல் அறுவடை நடக்கும் வயல்களில் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் இரை தேடி இறங்கும்.

காலை ஆறு மணிக்கே பொருநை எனப்படும் தாமிரபரணியின் கரைக்குப் போய்விடுங்கள். பங்குனி பிறந்துவிட்டால் ஒன்பது மணி வெயிலே தாங்காது. நீர்க்காகம் பாறையில் சிறகு விரித்துக் காயும். கருவெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் சிறகடித்து நின்று, சட்டென்று தலைகீழாகத் தண்ணீருக்குள் பாயும். அதைப் பார்க்க ஒரே இடத்தில் அசையாமல் உட்கார வேண்டும். காரில் நாலு இடம் ஓடுவதைவிட இதுவே மேல் என்பேன்.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். அந்நேரத்தில் படித்துறைகளில் பெண்கள் குளிப்பார்கள். பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பவே கூடாது; படித்துறையை விட்டு விலகிப் போய் நில்லுங்கள்.

கடனாநதி தாமிரபரணியில் வந்து சேருமிடத்தில் திருப்புடைமருதூர் இருக்கிறது. நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றியுள்ள பழைய மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. ஊர்மக்கள் காத்துவந்த இந்த இடம் 2005இல் இந்தியாவின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மரத்தடியில் கைதட்டிப் பறவைகளைக் கலைக்க வேண்டாம். பதறி எழும்போது குஞ்சுகள் கீழே விழும். "அண்ணாச்சி, எந்த மரத்துல கூடு இருக்கு?" என்று கேளுங்கள், ஊர்க்காரர்களே காட்டித் தருவார்கள்.

இன்னொரு காலையைக் கூந்தன்குளத்துக்கு ஒதுக்குங்கள். 1994இல் சரணாலயமானது, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள், வீட்டோரத்து மரங்களிலேயே குஞ்சு பொரிக்கும். குளத்தில் வரித்தலை வாத்து தென்பட்டால் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இமயத்தைத் தாண்டி வந்த விருந்தாளி அது.

ட்ரோனும் செயற்கைக்கோள் தொலைபேசியும் கொண்டுவராதீர்கள். ட்ரோன் இறக்குமதிக்குத் தடை உள்ளது. செயற்கைக்கோள் கருவியோடு அனுமதியின்றி வந்தால் விமான நிலையத்திலேயே கைதாக நேரலாம். கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவிகளும் இதில் அடக்கம். பறவைக் குரலை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியில் இந்தியத் தொகுப்பைக் கிளம்பும் முன்பே இறக்கிவையுங்கள். விடியலில் புறப்பட வேண்டியிருப்பதால் காரை முந்தைய நாளே பேசிவிடுங்கள்.