கலர் கேமராவுல எடுத்தும் ஸ்டாக் சாம்பலா வருதா? இப்படிப் பாருங்க

ராத்திரி வானத்தை கலர் கேமராவுலதானே எடுத்தோம், அந்தப் படங்களை ஸ்டாக் பண்ணி (ஒண்ணு மேல ஒண்ணா சேத்து ஒரே படமாக்கி) முடிச்சா ஏன் கறுப்பு வெள்ளையா வருதுன்னு குழம்புறவங்களுக்கு முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், கேமராவுக்கு ஒண்ணும் ஆகல. டிஎஸ்எல்ஆர் ராஃபைல்னா சாஃப்ட்வேரே மாடலைப் பாத்து கலர் பிரிச்சுக்கும். ஆஸ்ட்ரோ கேமரா (வானத்தை எடுக்கறதுக்குன்னே இருக்கற கேமரா) எழுதற ஃபிட்ஸ்ங்கற ஃபைல்ல ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரே ஒரு நம்பர்தான் இருக்கும், அங்க எவ்வளவு வெளிச்சம் விழுந்துச்சுங்கறது மட்டும். அந்த பிக்சல் மேல இருந்தது சிவப்பு ஃபில்டரா பச்சையா நீலமான்னு ஃபைலோட ஹெடர் (தொடக்கத்துல இருக்கற விவரக் குறிப்பு) சொல்லணும், இல்லன்னா நாம சொல்லணும். யாருமே சொல்லலன்னா சாஃப்ட்வேர் அதை மோனோ (கறுப்பு வெள்ளை) படம்னே எடுத்துக்கும்.

மொதல்ல மாடல் பேரைப் பாருங்க. இசட்டபிள்யூஓ மாதிரி கம்பெனி கேமராவுல எம்சின்னு இருந்தா கலர், எம்எம்னு இருந்தா மோனோ. சிரிக்காதீங்க, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினவங்க இதையே கவனிக்காம விட்டுடறாங்க.

அடுத்து ஒரே ஒரு லைட் ஃப்ரேமை (வானத்தை எடுத்த படத்தை) திறந்து 400 சதவீதம் ஜூம் பண்ணுங்க. பொடிப் பொடியா கட்டம் தெரியணும். நாலு பிக்சலுக்கு ரெண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம், இதுதான் பேயர் பேட்டர்ன், கோடாக்ல வேலை பாத்த பிரைஸ் பேயர் 1976ல பேட்டன்ட் வாங்கினது. ஒரு சிவப்பு நெபுலா மேல ஜூம் பண்ணிப் பாத்தீங்கன்னா நாலுல ஒரு பிக்சல் மட்டும் பளிச்சுன்னும் மத்த மூணும் மங்கலாவும் இருக்கும், அப்போ கலர் பத்திரமா உள்ளதான் இருக்குன்னு அர்த்தம். கட்டமே இல்லாம மழமழன்னு இருந்தா கேப்சர் செட்டிங்கைப் பாருங்க, மோனோ மோடுல எடுத்திருக்கலாம், இல்ல பின்னிங் 2x2 போட்டு பக்கத்துப் பக்கத்து நாலு பிக்சலையும் ஒண்ணாக் கூட்டியிருக்கலாம், அப்படிக் கூட்டினது திரும்ப வராது. இனிமே ரா16, பின் 1ன்னு வெச்சுக்கோங்க. ஸ்க்ரீன்ல கலரா தெரியணும்னு ஆர்ஜிபி24 போடாதீங்க, அது வெறும் 8 பிட்.

இப்ப ஆர்டர்தான் முக்கியம். மொதல்ல கேலிப்ரேஷன் (டார்க், ஃப்ளாட், பயாஸ்னு தனியா எடுத்த படங்களை வெச்சு கேமரா, லென்ஸ் குறைகளைச் சரி பண்றது), அப்புறம் டீபேயர் (பேயர் கட்டத்தை கலர் படமா மாத்தறது), அப்புறம் அலைன் (நட்சத்திரங்களை ஒண்ணு மேல ஒண்ணு பொருத்தறது), கடைசியா ஸ்டாக். டீபேயர் பண்றப்போ பக்கத்து பிக்சல் மதிப்பை வெச்சுத்தான் இல்லாத கலரைக் கணக்குப் போடுது, அதுக்கு முன்னாடியே டார்க் (மூடி போட்டு எடுத்த படம்) கழிக்கலன்னா ஒரு ஹாட் பிக்சல் (வெளிச்சமே இல்லாம பளிச்சுன்னு தெரியற பிக்சல்) பக்கத்துக்கும் பரவி கலர் புள்ளியா ஆயிடும். அதனால டார்க், ஃப்ளாட், பயாஸ் எதையும் தனியா டீபேயர் பண்ணவே வேண்டாம், அதுங்க கட்டத்தோடயே இருக்கட்டும்.

சிரில்ங்கற ஸ்டாக்கிங் சாஃப்ட்வேர்ல ஸ்கிரிப்ட் (எல்லாத்தையும் தானா வரிசையா செய்யறது) ஓட்டுறவங்க ஓஎஸ்சி (ஒன் ஷாட் கலர், அதாவது கலர் கேமரா) ப்ரீப்ராசஸிங்தான் எடுக்கணும், மோனோ ப்ரீப்ராசஸிங் ஓட்டினா சாம்பல்தான் வரும், பாதிப் பேருக்குக் கோளாறே இங்கதான். கையால பண்றவங்க கன்வர்ஷன்ல டீபேயர் டிக் போடாம விட்டுட்டு கேலிப்ரேஷன் டேப்ல இருக்கற டீபேயர் டிக்கைப் போடுங்க. டீப்ஸ்கைஸ்டாக்கர் சாஃப்ட்வேர்னா ரா / ஃபிட்ஸ் செட்டிங்ஸ்ல ஃபிட்ஸ் டேபுக்குப் போனா, மோனோக்ரோம் 16 பிட் ஃபைல்கள் கலர் கேமராவுல எடுத்த ரா ஃபைல்தான்னு சொல்ற ஒரு டிக் பாக்ஸ் இருக்கு, அதைப் போட்டுட்டு கேமரா லிஸ்ட்ல உங்க பேட்டர்னுக்கான ஜெனரிக்கை எடுங்க. பிக்ஸ்இன்சைட் சாஃப்ட்வேரோட டபிள்யூபிபிபி ஸ்கிரிப்ட்ல சிஎஃப்ஏ இமேஜஸ் (கலர் ஃபில்டர் கட்டத்தோட இருக்கற படங்கள்) டிக்.

பேட்டர்ன் எதுன்னா, ஹெடர்ல பேயர்பேட்னு ஒரு வரி இருக்கும், நிறைய கேமராவுல ஆர்ஜிஜிபி (சிவப்பு, பச்சை, பச்சை, நீலம்ங்கற வரிசை). அதைப் போட்டும் கலர் தப்பா வந்தா, ஒரு ப்ரோக்ராம் படத்தை மேலிருந்து கீழ எழுதி இன்னொண்ணு கீழிருந்து மேல படிச்சிருக்கும், ஆர்ஜிஜிபி தலைகீழானா ஜிபிஆர்ஜி ஆயிடும் பாருங்க. சிரில்ல ஹெடரை நம்புற டிக்கை எடுத்துட்டு நாலு பேட்டர்னையும் ஒரே ஃப்ரேம்ல மாத்தி மாத்திப் பாக்கலாம், அதுக்குன்னு முழு ஸ்டாக்கும் ஓட்டிட்டு உக்காந்திருக்காதீங்க. ஓரியன் பக்கம் எடுத்த ஃப்ரேம் இருந்தா ரொம்ப ஈஸி: திருவாதிரை ஆரஞ்சாவும் ரைஜல் லேசான நீலமாவும் வரணும். ரெண்டும் இடம் மாறி இருந்தா சிவப்பும் நீலமும் மாறிடுச்சு. படம் முழுக்க மெஜந்தா அடிச்சு ஜூம்ல கட்டமும் போகாம நின்னா பச்சை இருக்க வேண்டிய இடமே தப்பு.

எல்லாம் சரியாப் போட்டும் ஸ்டாக் பச்சையா வருதா, பதறாதீங்க, அது நல்ல சகுனம். பச்சை பிக்சல் பொதுவா அதிகமா வெளிச்சம் வாங்கும், இன்னும் ஒயிட் பேலன்ஸ் யாரும் பண்ணல, அவ்வளவுதான். சிரில்ல ஆட்டோஸ்ட்ரெச்ல (இருட்டான படத்தை ஸ்க்ரீன்ல வெளிச்சமாக் காட்டற பார்வை) மூணு கலர் சேனலையும் சேத்து வெச்சிருக்கற சங்கிலி ஐகானைத் தட்டி பிரிச்சு விட்டாலே கண்ணுக்குச் சரியாத் தெரியும், ஆனா அது பார்வைக்கு மட்டும்தான், டேட்டா மாறாது. நிஜமா மாத்தணும்னா பேக்ரவுண்ட் கிரேடியன்ட்டை (பின்னணியில ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறையற வெளிச்சத்தை) எடுத்துட்டு, பிளேட் சால்வ் பண்ணிட்டு (படம் வானத்துல எந்த இடம்னு கண்டுபிடிக்க வெச்சு), ஃபோட்டோமெட்ரிக் கலர் கேலிப்ரேஷன் ஓட்டுங்க, கேட்டலாக்ல இருக்கற நட்சத்திரங்களோட நிறத்தை வெச்சு அதுவே சரி பண்ணிடும். ஃபோக்கல் லெங்த்தும் பிக்சல் சைஸும் சரியாக் குடுக்கணும், 533எம்சின்னா 3.76 மைக்ரான். இதெல்லாம் ஸ்ட்ரெச் பண்றதுக்கு (படத்தை நிஜமாவே வெளிச்சமாக்கறதுக்கு) முன்னாடி.

டூயல் நேரோபேண்ட் ஃபில்டர் (ரெண்டு குறுகிய அலைநீளத்தை மட்டும் விடற ஃபில்டர்) போட்டு எடுத்ததுக்கு அந்த கலர் கேலிப்ரேஷனை சாதாரண செட்டிங்ல ஓட்டி இயற்கையான நிறத்தை எதிர்பாக்காதீங்க. 656 நானோமீட்டர் எச்ஆல்ஃபா (ஹைட்ரஜன் ஒளி) பெரும்பாலும் சிவப்புலயும், 501 பக்கத்துல இருக்கற ஓ3 (ஆக்சிஜன் ஒளி) பச்சை நீலம் ரெண்டுலயும் விழும், சிரிலோட எக்ஸ்ட்ராக்ட் எச்ஏஓ3 ஸ்கிரிப்ட் ரெண்டையும் தனித்தனியா பிரிச்சுக் குடுத்துடும்.

கேமரா எம்எம்னா டீபேயர் பேச்சே வேண்டாம். சிவப்பு, பச்சை, நீலம்னு ஃபில்டர் வாரியா தனித்தனியா ஸ்டாக் பண்ணி, மூணையும் ஒரே ரெஃபரன்ஸுக்கு அலைன் பண்ணிட்டு, ஆர்ஜிபி காம்போசிஷன்ல சேக்கணும்.

இவ்வளவுக்கு அப்புறமும் பெரிய நட்சத்திரங்க நடுவுல மட்டும் வெள்ளையாவே இருந்தா, அங்க மூணு சேனலும் உச்சத்துக்குப் போய் முட்டிடுச்சு, எந்த சாஃப்ட்வேராலயும் அந்த நிறத்தை எடுக்க முடியாது, அடுத்த தடவை எக்ஸ்போஷரையோ கெயினையோ (கேமரா சிக்னலைப் பெருக்கற அளவு) கொறைச்சு எடுங்க.