மூச்சு வாங்குவது ஆக்ஸிஜன் பற்றாக்குறை அல்ல

ஓடும்போது மூச்சு வாங்கினால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்துவிட்டது என்று நினைப்பதுதான் முதல் தவறு. ஆரோக்கியமானவரின் தமனி ரத்தத்தில், ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 97, 98 சதவீதம் ஆக்ஸிஜனால் நிரம்பியிருக்கும். ஓடும்போதும் பெரிதாகக் குறையாது. மூச்சை வேகப்படுத்துவதில் மூளையின் கட்டளைக்கும் கரியமில வாயுவுக்கும்தான் பெரும்பங்கு. தசைக்குச் சேரும் ஆக்ஸிஜனுக்கு எல்லை போடுவது பெரும்பாலும் இதயமே. ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளும் அது, கடும் பயிற்சியில் 20 லிட்டரைத் தாண்டும். ஆகவே கடல்மட்ட ஊர்களில் இடைவேளைக்கு இடைவேளை டப்பா ஆக்ஸிஜனை உறிஞ்சுவது வீண் செலவு.

மேலோட்டமாக வேகவேகமாக மூச்சு விடுவதும் பலன் தராது. ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய 150 மில்லி காற்று மூச்சுக்குழாயிலேயே நின்றுவிடும். 300 மில்லியாக நிமிடத்துக்கு 40 முறை இழுத்தால் 12 லிட்டரில் 6 லிட்டர்தான் நுரையீரலின் காற்றறைகளுக்குப் போகும். அதையே 600 மில்லியாக 20 முறை இழுத்தால் 9 லிட்டர் போகும்.

எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் ஓடாதீர்கள். தசையின் ரத்தக்குழாய்கள் விரிந்து, இதயமும் ஈடுகொடுக்க 2, 3 நிமிடம் பிடிக்கும். அதுவரை தசை தன் ஆற்றல் கையிருப்பைக் கரைத்தும், சர்க்கரை சிதையும்போது உண்டாகும் லாக்டேட்டைச் சேர்த்தும்தான் சமாளிக்கிறது. 5 முதல் 10 நிமிடம் மெதுவாகத் தொடங்கினால் தசை சூடாகும். சூட்டில் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை எளிதாக விட்டுக்கொடுக்கும்.

முடிக்கும்போதும் சட்டென்று நிற்கக் கூடாது. கெண்டைக்கால் தசைகள் சுருங்கிச் சுருங்கித்தான் ரத்தத்தை மேலே தள்ளுகின்றன. அவை ஓய்ந்தால் ரத்தம் காலிலேயே தேங்கும், ரத்த அழுத்தம் இறங்கும், தலை சுற்றும், சிலர் மயங்கியும் விழுவார்கள். சில நிமிடம் நடந்துவிட்டு உட்காருங்கள்.

நீருக்குள் மூச்சடக்கி நீந்துவதற்கு முன் வேகமாக மூச்சு இழுத்துவிடுவது உயிருக்கே ஆபத்து. ஆக்ஸிஜன் பெரிதாக அதிகரிக்காது, மூச்சுவிடத் தூண்டும் கரியமில வாயு மட்டும் குறையும். மூச்சு முட்டும் உணர்வு வருமுன்பே நினைவு தப்பிவிடலாம்.

எவ்வளவு பயிற்சி செய்தும் சோர்வு தீரவில்லையா? பயிற்சியைக் கூட்டாதீர்கள், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். 1 கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்ஸிஜனைச் சுமக்கும். டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லி ரத்தத்துக்கு, 15 கிராம் இருந்தால் 1 லிட்டர் ரத்தம் 200 மில்லி கொண்டுபோகும். 10 கிராம் என்றால் 134தான். இரும்புச்சத்து மாத்திரையை முடிவைப் பார்த்து மருத்துவர் சொன்ன பிறகே எடுங்கள்.