ஏலம் எடுக்கப் போகிறீர்களா? விலை சொல்வதற்கு முன் செய்ய வேண்டியவை

ஏலம் என்றதும் நம்மில் பலருக்கு ஒரே காட்சிதான் தோன்றும். ஒருவர் மேலே நின்று "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று குரல் கொடுக்க, கீழே கூட்டம் விலையை ஏற்றிக்கொண்டே போகும். அது ஏலத்தில் ஒரு வகை மட்டுமே. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தி விற்கும்போது யாரும் கத்துவதில்லை. சீட்டு ஏலத்தில் தொகை மேலே ஏறாது, கீழே இறங்கும். ஒரு வகையில் லாபம் தரும் உத்தி இன்னொன்றில் கையைக் கடித்துவிடும். அதனால் முதலில் வகைகளைப் பார்த்துவிடுவோம். அப்புறம், சாதாரணக் குடும்பங்கள் பெரிய தொகையோடு முதன்முதலாக இறங்கும் ஏலத்துக்கு, அதாவது வங்கி விடும் வீட்டு ஏலத்துக்கு வருவோம்.

படி 1: இது எந்த வகை ஏலம்?

வெளிப்படை ஏலம் எல்லோருக்கும் தெரிந்தது. துறைமுகத்தில் மீனைக் கூறு போட்டு விற்பதும், ஊராட்சி புளியமரங்களின் மகசூலை விடுவதும், ஐபிஎல் வீரர்களை எடுப்பதும் இதில்தான் சேரும். அடுத்தவர் எவ்வளவு கேட்கிறார் என்பது உங்கள் கண்முன்னே நடக்கும். விஷயம் தெரிந்த வியாபாரி எந்த விலையில் விலகுகிறார் என்று பார்த்தாலே பொருளின் மதிப்பு ஓரளவு பிடிபடும். ஆபத்து, வீம்பு. எதிராளியை விடக்கூடாது என்று கேட்க ஆரம்பித்தால் பொருள் மறந்துபோகும்.

மறைமுக ஏலத்தில் அந்த வசதி கிடையாது. வியாபாரிகள் குவியலைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு விலையைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். பிரித்துப் பார்த்து, அதிகம் எழுதியவருக்குப் பொருள். ஒரே வாய்ப்பு, திருத்த முடியாது. பொருள் உங்களுக்கு 100 ரூபாய் பெறும் என்றால் இங்கே 100 என்று எழுதக்கூடாது. எழுதி ஜெயித்தால் லாபம் பூஜ்யம். எவ்வளவு குறைப்பது என்பது போட்டியைப் பொறுத்தது. இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்றால் தாராளமாகக் குறைக்கலாம். பத்துப் பேர் இருந்தால் கொஞ்சமாகத்தான் குறைக்க முடியும்.

இதிலேயே ஒரு விசித்திரமான மாற்றம் உண்டு. அதிகம் எழுதியவரே ஜெயிப்பார், ஆனால் இரண்டாவதாக வந்தவர் எழுதிய தொகையைத்தான் கட்டுவார். வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1961-ல் இதை அலசி, இந்த முறையில் உங்கள் உண்மையான மதிப்பை அப்படியே எழுதுவதுதான் சிறந்த உத்தி என்று காட்டினார். யோசித்துப் பாருங்கள்: நீங்கள் எழுதும் எண் ஜெயிப்பதையும் தோற்பதையும் மட்டும் முடிவு செய்கிறது, கட்டும் விலையை அடுத்தவரின் எண் முடிவு செய்கிறது. குறைத்து எழுதினால் விலை குறையாது, வாய்ப்புத்தான் குறையும். 1996-ல் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள், மூன்றே நாளில் இறந்துபோனார். ஈபே தளத்தில் உங்கள் உச்ச விலையைக் கொடுத்துவிட்டால் உங்கள் சார்பில் அதுவே தேவையான அளவு மட்டும் ஏற்றிக் கேட்கும். அந்த ஏற்பாடு கிட்டத்தட்ட இதே தத்துவம்தான்.

இறங்கு ஏலத்துக்குப் பேர்போனது நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் பூச்சந்தை. விலை மேலிருந்து சரசரவென்று இறங்கும், முதலில் பொத்தானை அழுத்துபவருக்குப் பூ. வாடும் சரக்கை வேகமாகத் தள்ளிவிடப் பிறந்த முறை.

நம் ஏலச்சீட்டும் ஒரு ஏலம்தான், ஆனால் அங்கே விற்பது பணம். 20 பேர், மாதம் 5,000 ரூபாய், சீட்டுத் தொகை 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அவசரத்தில் இருக்கும் ஒருவர் 25,000 தள்ளி 75,000-க்கு எடுக்கிறார். அந்த 25,000-ல் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5,000 போனால் மீதி 20,000. அதை 20 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 1,000. ஆக, அந்த மாதம் ஒவ்வொருவரும் 4,000 கட்டினால் போதும். (2019-ல் சட்டத்தைத் திருத்தி கமிஷன் உச்சவரம்பை 5 சதவீதத்திலிருந்து 7 ஆக்கிவிட்டார்கள், எனவே உங்கள் ஒப்பந்தத்தில் எவ்வளவு என்று பாருங்கள்.) இதில் தள்ளிக் கேட்பது வட்டி கட்டுவதற்குச் சமம். எவ்வளவு அவசரம், வெளியே கடன் வாங்கினால் என்ன வட்டி என்று கணக்குப் போடாமல் வாய் திறக்காதீர்கள்.

படி 2: ஏலம் விடுபவர் யார் பக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஏலம் விடுபவர் விற்பவருக்காக வேலை செய்கிறார். எங்கே தொடங்குவது, எவ்வளவு எவ்வளவாக ஏற்றுவது, எப்போது வேகம் பிடிப்பது, தயங்குபவரின் முகத்தை எத்தனை நொடி பார்ப்பது, எல்லாமே விலையை ஏற்றும் கலை. தாழ்வாகத் தொடங்கினால் கூட்டம் சேரும் என்பது அவருக்குத் தெரியும். "இவ்வளவு நல்ல சரக்கு இந்த விலைக்கா" என்று அவர் சலித்துக்கொள்வதும் தொழில்தான். அதில் மயங்கவும் வேண்டாம், அவரைத் திட்டவும் வேண்டாம்.

சட்டத்தில் உங்களுக்கும் பாதுகாப்பு இருக்கிறது. 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 64-வது பிரிவு: சுத்தியல் விழும்வரை, அல்லது வழக்கப்படி "மூன்று தரம்" சொல்லி முடிக்கும்வரை, கேட்டவர் தன் கேட்பைத் திரும்பப் பெறலாம். விற்பவர் தானும் ஏலம் கேட்க வேண்டுமென்றால் அந்த உரிமையை முன்பே வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். போலி ஆளை வைத்து விலையை ஏற்றியிருந்தால் அந்த விற்பனையை ரத்து செய்யும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இது சரக்குகளுக்கான சட்டம் என்பதை மறக்க வேண்டாம். இணைய வழிச் சொத்து ஏலங்களில் கேட்ட விலையைத் திரும்பப் பெற முடியாது என்று பொதுவாக நிபந்தனையிலேயே போட்டிருப்பார்கள்.

படி 3: வங்கி நோட்டீஸை வரிவரியாகப் படியுங்கள்

இனி வீட்டு ஏலம். கடனைக் கட்டாதவரின் அடமானச் சொத்தை நீதிமன்றம் போகாமலே வங்கி விற்கலாம் என்று 2002-ல் வந்த சர்ஃபேசி சட்டம் சொல்கிறது. பொதுத்துறை வங்கிகளின் சொத்துகளைப் பேங்க்நெட் தளத்தில் பார்க்கலாம், நாளிதழிலும் அறிவிப்பு வரும். முதல் முறை விற்கும்போது 30 நாள் அவகாசம் தர வேண்டும். ஏலம் போகாமல் மறுபடி விடும்போது 15 நாள் போதும். ஒரே வீடு மூன்றாவது, நான்காவது முறையாக வருகிறது என்றால் விலை இறங்கியிருக்கும். அதே சமயம், ஏன் யாருமே எடுக்கவில்லை என்ற கேள்விக்கும் பதில் தேட வேண்டும்.

நோட்டீஸில் மூன்று இடங்களில் விரலை வைத்துப் படியுங்கள். ஒன்று, ரிசர்வ் விலை. அதற்குக் கீழே விற்பனையை உறுதி செய்ய வங்கியின் அதிகாரிக்குத் தானாக அதிகாரம் இல்லை. இரண்டு, சுவாதீனம். "நேரடி சுவாதீனம்" என்றால் சாவி வங்கியிடம் இருக்கிறது. "குறியீட்டு சுவாதீனம்" என்றால் காகிதத்தில் மட்டும்தான் வங்கி கையில், உள்ளே ஆள் இருக்கலாம். அவரை வெளியேற்ற மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமைக் குற்றவியல் நடுவர் வரை போக வேண்டியிருக்கும். முதல்முறை எடுப்பவர் இந்த இரண்டாம் வகையைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி. மலிவாகத்தான் கிடைக்கும், ஆனால் அந்த மலிவுக்குக் காரணம் இருக்கிறது.

மூன்றாவது, "உள்ளது உள்ளபடி" என்ற வாசகம். சும்மா போடுவதல்ல. பழைய உரிமையாளரின் மின்கட்டண பாக்கியைக் கட்டினால்தான் புது இணைப்பு என்று மின்வாரியம், அதன் விதிகள் இடம் கொடுத்தால், கேட்கலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. சொத்து வரி, குடிநீர் வரி, அடுக்குமாடி என்றால் பராமரிப்புப் பாக்கி, எல்லாமே உங்கள் தலையில் விழலாம்.

படி 4: வீட்டையும் காகிதத்தையும் பாருங்கள்

பார்வையிட நோட்டீஸில் ஒரு நாள் குறித்திருப்பார்கள். போய்ப் பாருங்கள், பக்கத்து வீட்டிலும் பேச்சுக் கொடுங்கள். வங்கி அதிகாரியைவிட எதிர்த்த மளிகைக்கடைக்காரர் அதிகம் சொல்வார்: யார் குடியிருக்கிறார், அண்ணன் தம்பி தகராறு உண்டா, தண்ணீர் வருமா.

காகிதத்தில், குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று எடுத்து, மூலப்பத்திர நகலோடு ஒரு வழக்கறிஞரிடம் கொடுங்கள். கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் இந்தச் சொத்தின்மேல் வழக்கு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வங்கிதான் விற்கிறதே, எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கடன் கொடுத்தபோதும் அந்த வங்கி அப்படித்தான் நினைத்திருக்கும்.

படி 5: உச்ச விலையை வீட்டிலேயே எழுதி வையுங்கள்

அந்தத் தெருவில் அதே மாதிரி வீடு 60 லட்சம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பழுது பார்க்க 3 லட்சம், பாக்கிகள் 1 லட்சம், தாமதமும் அலைச்சலும் வட்டியும் 6 லட்சம் என்று கழித்தால் 50. அதிலும் ஒரு 5 லட்சம் குறைத்து 45 என்று நிறுத்துவேன். அந்த 5 லட்சம்கூட மிஞ்சாது என்றால் இவ்வளவு தலைவலி எதற்கு, தரகரிடம் சாதாரண வீடே வாங்கலாமே.

ஏன் கூடுதலாகக் குறைக்க வேண்டும்? மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமையை ஏலத்தில் எடுத்த நிறுவனங்களுக்கு எதிர்பார்த்த லாபம் வராததைக் கவனித்த மூன்று பொறியாளர்கள் 1971-ல் காரணத்தை எழுதினார்கள். ஒரே பொருளைப் பத்துப் பேர் மதிப்பிட்டால் சிலர் குறைவாகவும் சிலர் அதிகமாகவும் மதிப்பிடுவார்கள். ஏலம் போவது அதிகபட்சமாக மதிப்பிட்டவருக்கு. அதாவது ஜெயித்தவர்தான் பெரும்பாலும் தப்பாகக் கணக்கிட்டவர். படி 1-ல் பார்த்தது பொருளின் மதிப்பு உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தபோது. மதிப்பே ஊகமாக இருக்கும் இங்கே, போட்டியாளர்கள் கூடக்கூட உங்கள் எண்ணை இறக்க வேண்டும். ஏல மும்முரத்தில் மனசு இதற்கு நேர் எதிராகத்தான் போகும்.

பங்குனி உத்திரத்துக்குக் கோவிலில் எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் ஏலம் போகிறதே என்றால், அது வேறு கணக்கு. அங்கே சந்தை விலை என்று ஒன்று இல்லை, எடுப்பவரின் வேண்டுதல்தான் மதிப்பு.

படி 6: டெபாசிட்டும் ஏல நாளும்

டெபாசிட் பெரும்பாலும் ரிசர்வ் விலையில் 10 சதவீதம். கடைசி நாள் மாலைவரை காத்திருக்காமல் இரண்டு மூன்று நாள் முன்பே கட்டி, அடையாள ஆவணங்களை ஏற்றி, உள்நுழைவு வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். யார் பெயரில் பதிகிறீர்களோ அந்தப் பெயருக்குத்தான் பின்னால் விற்பனைச் சான்றிதழ் வரும். மனைவி பெயரையும் சேர்க்க வேண்டுமா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

கடைசி நொடியில் கேட்டு அள்ளிவிடலாம் என்ற உத்தி இங்கே பொதுவாகச் செல்லாது. முடியும் தறுவாயில் யாராவது கேட்டால் நேரம் தானாகச் சில நிமிடங்கள் நீளும், மறுபடி கேட்டால் மறுபடி நீளும். விலை சொல்லும்போது பூஜ்யங்களை எண்ணிப் பாருங்கள். எழுதி வைத்த எண் தாண்டியதும் கணினியை மூடிவிட்டு எழுந்துவிடுங்கள். தோற்றவரின் டெபாசிட் திரும்ப வந்துவிடும்.

படி 7: ஜெயித்த பிறகு

இங்கிருந்து நேரம் ஓடும். டெபாசிட்டையும் சேர்த்து மொத்த விலையில் 25 சதவீதத்தை அன்றே, அல்லது அடுத்த வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். மீதி 75 சதவீதம் விற்பனை உறுதியான 15 நாளுக்குள். எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்டால் நீட்டிக்கலாம், ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் முடியாது. கட்டத் தவறினால் 25 சதவீதமும் போய்விடும். சென்னை உயர் நீதிமன்றம் வழியாகப் போன ஒரு வழக்கில், 3 கோடிக்கு மேல் கட்டிவிட்டு மீதியைக் கட்ட முடியாதவரின் முழுத் தொகையையும் வங்கி எடுத்துக்கொண்டது சரியே என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே வீட்டுக்கடன் வாங்கித்தான் மீதியைக் கட்டப் போகிறீர்கள் என்றால், ஏலத்துக்கு முன்பே கடன் தரும் வங்கியிடம் பேசி ஒப்புதல் வாங்கிவிட வேண்டும்.

விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் அதில் 1 சதவீதம் டி.டி.எஸ். (விற்பவருக்குத் தரும் பணத்திலிருந்து முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்து அரசுக்குக் கட்டும் பொறுப்பும் உங்களுடையது. முழுப் பணமும் போனதும் வங்கி அதிகாரி விற்பனைச் சான்றிதழ் தருவார். அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். செலவு எவ்வளவு என்று ஏலத்துக்கு முன்பே அங்கே கேட்டு வைப்பது நல்லது. பிறகு பட்டா மாற்றம், சொத்து வரி, மின் இணைப்பு என்று வரிசையாகப் பெயர் மாற்றுங்கள். சாவி வாங்கும்போது, ஒப்படைத்த தேதியும் வீட்டின் நிலையும் எழுதிய கடிதம் ஒன்றை அதிகாரியிடம் கையெழுத்துடன் வாங்கிக்கொண்டு, அன்றைக்கே பூட்டை மாற்றிவிடுங்கள்.