நேர்கூற்றை அயற்கூற்றாக்கும்போது: ஆங்கிலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘நான் நாளை வருகிறேன் என்று குமார் என்னிடம் சொன்னான்’ என்று தமிழில் எழுதினால், வரப்போகிறவன் குமார்தான் என்பதில் யாருக்கும் ஐயம் எழாது. இதையே சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி, “குமார் டோல்ட் மீ தட் ஐ ஆம் கமிங் டுமாரோ” என்று எழுதினால், வரப்போவது குமார் அல்ல, அந்த வாக்கியத்தை எழுதியவரே என்று பொருள் மாறிவிடுகிறது. தமிழின் ‘என்று’ தனக்கு முன்னால் உள்ள பேச்சைப் பேசியவரின் வாயிலிருந்து வந்தபடியே தாங்கி நிற்கும். ஆங்கிலத்தின் ‘தட்’ அவ்வாறு தாங்காது. ‘தட்’ வந்துவிட்டால் அதன் பிறகு வரும் ‘ஐ’, ‘யூ’, ‘ஹியர்’, ‘டுமாரோ’ ஆகிய எல்லாமே செய்தியை எடுத்துச் சொல்பவரின் இடத்தையும் நேரத்தையும் வைத்தே பொருள் கொள்ளப்படும். ஆகவே ‘தட்’ போட்ட பின் மேற்கோள் குறிக்கும், ‘செட்’ என்பதற்குப் பின் வரும் காற்புள்ளிக்கும் இடமில்லை. பாதி அயற்கூற்றாகவும் பாதி நேர்கூற்றாகவும் நிற்கும் வாக்கியமே நம் மாணவர்களின் விடைத்தாள்களிலும், வேலைக்குச் சேர்ந்த பின் எழுதும் மின்னஞ்சல்களிலும் மிகுதியாகக் காணப்படும் பிழை.

தமிழிலும் அயற்கூற்று உண்டு. ‘தான் மறுநாள் வருவதாகக் குமார் கூறினான்’ என்று மாற்றும்போது ‘நான்’ என்பது ‘தான்’ ஆகிறது. ‘நாளை’ என்பது ‘மறுநாள்’ ஆகிறது. ஆனால் வினையின் காலம் பின்னோக்கி நகர்வதில்லை. ஆங்கிலத்தில் அதுவும் நகர்ந்து, “குமார் டோல்ட் மீ தட் ஹி வாஸ் கமிங் த நெக்ஸ்ட் டே” என்று ஆகிறது. நம் மொழிப் பழக்கத்தில் இல்லாத இந்த நகர்வை வகுப்பறைகளில் ஓர் அட்டவணையாக மனப்பாடம் செய்யவைக்கிறோம். அட்டவணை தேவைதான், ஆனால் யார், யாரிடம், எப்போது, எங்கிருந்து சொல்கிறார் என்ற கேள்விகளைக் கேட்காமல் அட்டவணையை மட்டும் நம்புகிறவர் அது பொருந்தாத இடத்திலும் அதையே பொருத்திவிடுகிறார். கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் கேள்விகளைக் கேட்காததால் விளைபவை.

பெயர்ச்சொற்களுக்குப் பதிலாக வரும் சொற்களை மாற்ற, எஸ்-ஓ-என் (சப்ஜெக்ட், ஆப்ஜெக்ட், நோ சேஞ்ச்) என்ற மூன்றெழுத்துச் சூத்திரம் பல பள்ளிகளில் கற்பிக்கப்படுகிறது. தன்மை, அறிவிக்கும் வினையின் (‘செட்’, ‘டோல்ட்’ போன்றவற்றின்) எழுவாயைப் பின்பற்றும், முன்னிலை அதன் செயப்படுபொருளைப் பின்பற்றும், படர்க்கை மாறாது என்பது அதன் சாரம். சொல்பவரும் கேட்பவரும் அல்லாத மூன்றாமவர் ஒருவர் செய்தியை அறிவிப்பதாகக் கொள்ளும் தேர்வு வினாக்களுக்கு இது பெரும்பாலும் உதவும். ஆனால் மாலா ரவியிடம், “குமார் இஸ் லேட்” என்று சொல்லியிருக்க, அதைப் பிறகு குமாரே ஒரு நண்பருக்குத் தெரிவிப்பதாக வைத்துக்கொள்வோம். படர்க்கை மாறாது என்ற விதிப்படி குமார் தன் பெயரையே சொல்லிக்கொள்ள முடியாது; “மாலா டோல்ட் ரவி தட் ஐ வாஸ் லேட்” என்றுதான் அவர் சொல்ல வேண்டும். அதேபோல், ‘யூ’ என்ற சொல் குறிப்பிட்ட ஒருவரைச் சுட்டாமல் எல்லோரையும் பொதுவாகச் சுட்டும் இடங்களில் அதை மாற்றத் தேவையில்லை. “யூ கான்ட் ப்ளீஸ் எவ்ரிபடி” என்பது கேட்பவரின் இயலாமையைப் பற்றிய பேச்சு அல்ல. எல்லோரையும் திருப்திப்படுத்த யாராலும் இயலாது என்ற பொதுக்கருத்து.

இங்கே ஆங்கிலத்துக்கே உரிய ஒரு குறைபாட்டையும் சொல்ல வேண்டும். தமிழில் ‘தான் தோற்றுவிட்டதாக ரவி குமாரிடம் சொன்னான்’ என்றால் தோற்றவன் ரவி. ‘அவன் தோற்றுவிட்டதாக’ என்றால் வேறொருவன். ‘தான்’ என்ற சொல் இந்த வேறுபாட்டைக் காத்து நிற்கிறது. “ரவி டோல்ட் குமார் தட் ஹி ஹேட் ஃபெயில்ட்” என்ற ஆங்கில வாக்கியத்தில் அந்தத் தெளிவு இல்லை. ‘ஹி’ ரவியாகவும் இருக்கலாம், குமாராகவும் இருக்கலாம். விதிகளை எல்லாம் சரியாகப் பின்பற்றிய வாக்கியம்கூட இவ்வாறு படிப்பவரைக் குழப்பக்கூடும் என்பதை மறக்கக் கூடாது. குழப்பம் எழும் இடத்தில், “தட் ஹி, குமார், ஹேட் ஃபெயில்ட்” என்று பெயரை இடையில் சேர்ப்பது தவறாகாது. தன் தோல்வியையே ரவி சொல்கிறான் என்றால், ‘டோல்ட்’ என்பதை விட்டு, ஒப்புக்கொண்டான் என்ற பொருள் தரும் ‘அட்மிட்டட் டு’ என்பதைப் பயன்படுத்துவது இன்னும் நல்லது.

காலத்தை மாற்றுவதில் முதல் தவறு, மாற்ற வேண்டாத இடத்தில் மாற்றுவது. அறிவிக்கும் வினை நிகழ்காலத்தில் இருந்தால் உள்ளே உள்ள காலம் அப்படியே இருக்க வேண்டும். “ஷி சேஸ், ‘ஐ ஆம் பிஸி’” என்பதை “ஷி சேஸ் தட் ஷி வாஸ் பிஸி” என்று மாற்றினால், இப்போது வேலையாக இருப்பவர் எப்போதோ வேலையாக இருந்தவராகிவிடுகிறார். இரண்டாவது தவறு, நீண்ட வாக்கியத்தில் முதல் வினையை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை விட்டுவிடுவது. “ஹி செட் தட் ஹி வாஸ் டயர்ட் அண்ட் வான்ட்ஸ் டு ஸ்லீப்” என்பதில் ‘வாஸ்’ பின்னோக்கி நகர்ந்திருக்கிறது, ‘வான்ட்ஸ்’ நகரவில்லை. அது ‘வான்டட்’ என்று இருக்க வேண்டும். மாற்றி முடித்ததும் வாக்கியத்திலுள்ள ஒவ்வொரு வினையின் மீதும் ஒரு முறை விரலை வைத்துப் பார்த்தால் இந்தப் பிழை தப்பாது அகப்படும்.

பொது உண்மைகளுக்குக் காலம் மாறாது என்று கற்பிக்கிறார்கள். “த டீச்சர் செட் தட் தி எர்த் கோஸ் ரவுண்ட் த சன்” என்பது அதற்கு வழக்கமான எடுத்துக்காட்டு. ஆனால் இந்த விதியின் உட்பொருளை விளக்குவது அரிதாகவே நிகழ்கிறது. நிகழ்காலத்தை அப்படியே வைத்தால், அந்தச் செய்தி இப்போதும் உண்மை என்று அறிவிப்பவர் தாமும் ஏற்றுக்கொள்கிறார் என்று பொருள்படும். ஆகையால் பண்டைய வானியலாளர் தாலமி, சூரியன் பூமியைச் சுற்றுவதாகச் சொன்னதை அறிவிக்கும்போது ‘கோஸ்’ என்று எழுதக் கூடாது. ‘வென்ட்’ என்றே எழுத வேண்டும். அது அவரது கூற்று, நம்முடையது அல்ல. ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்கிறோமா, அதற்கு நாமும் உறுதி அளிக்கிறோமா என்ற வேறுபாடு செய்தி எழுதுவோருக்கும் அலுவலகக் குறிப்பு எழுதுவோருக்கும் மிக முக்கியமானது. காலத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே அந்த வேறுபாடு வெளிப்பட்டுவிடுகிறது.

இறந்தகாலம், ‘ஹேட்’ சேர்ந்த பாஸ்ட் பெர்ஃபெக்ட் ஆக மாற வேண்டும் என்ற விதிக்கும் எல்லை உண்டு. சொன்ன நேரத்துக்கு முன்பே அந்தச் செயல் முடிந்துவிட்டது என்று காட்டுவதே ‘ஹேட்’ செய்யும் வேலை. ஆண்டு குறிப்பிடப்பட்ட வரலாற்று நிகழ்ச்சியில் அது ஏற்கெனவே தெளிவாக இருப்பதால், “த டீச்சர் செட் தட் இந்தியா பிகேம் இன்டிபெண்டன்ட் இன் 1947” என்று எழுதுவதே இயல்பு. ஏற்கெனவே பாஸ்ட் பெர்ஃபெக்டில் உள்ள வினைக்கு அதற்கு மேல் நகர இடமில்லை, அது மாறாது. ‘நான் பணக்காரனாக இருந்தால் உலகைச் சுற்றுவேன்’ என்பதுபோல் நடப்பில் இல்லாததைக் கற்பனை செய்யும் “இஃப் ஐ வெர் ரிச், ஐ வுட் டிராவல்” வகை வாக்கியங்களிலும் காலம் மாறாது, ஆள் மட்டுமே மாறும்.

துணைவினைகளில் ‘வில்’, ‘கேன்’, ‘மே’ ஆகியவை முறையே ‘வுட்’, ‘குட்’, ‘மைட்’ என்று ஆவதில் பெரும்பாலோர் தவறுவதில்லை. ‘வுட்’, ‘குட்’, ‘ஷுட்’, ‘மைட்’ ஆகியவை மாறாமல் நிற்கும். சிக்கல் ‘மஸ்ட்’ என்பதில்தான் வருகிறது. கட்டாயத்தைக் குறிக்கும் ‘மஸ்ட்’ என்பதை ‘ஹேட் டு’ என்று மாற்றலாம் என்று படித்தவர்கள், “யூ மஸ்ட் நாட் டச் திஸ்” என்பதையும் அதே வழியில் “டிட் நாட் ஹேவ் டு டச்” என்று மாற்றிவிடுகிறார்கள். ‘இதைத் தொடக்கூடாது’ என்ற தடை, ‘தொட வேண்டிய தேவை இல்லை’ என்ற சலுகையாக மாறிவிடுகிறது. மின்சாரக் கம்பியைப் பற்றிய எச்சரிக்கையில் இந்தத் தவறு நேர்ந்தால் என்னாகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். இங்கே ‘மஸ்ட் நாட்’ அப்படியே நிற்க வேண்டும். ‘அவள் வீட்டில்தான் இருப்பாள்’ என்று ஊகித்துச் சொல்லும் ‘மஸ்ட்’ என்பதும் மாறாது.

காலத்தையும் இடத்தையும் காட்டும் சொற்களுக்கும் இதே நிதானம் வேண்டும். ‘டுடே’ என்பது ‘தட் டே’ ஆகவும், ‘யெஸ்டர்டே’ என்பது ‘த ப்ரீவியஸ் டே’ ஆகவும், ‘அகோ’ என்பது ‘பிஃபோர்’ ஆகவும் மாறுவது, சொன்ன நாள் கடந்துபோனதால்தான். காலையில் ஒருவர் சொன்னதை அன்று மாலையே தெரிவிக்கும்போது ‘டுமாரோ’ என்பது ‘டுமாரோ’ ஆகவே இருக்க வேண்டும். ‘த நெக்ஸ்ட் டே’ என்று மாற்றினால் கேட்பவர் எந்த நாளுக்கு அடுத்த நாள் என்று தடுமாறுவார். அதே அறையில் நின்றுகொண்டு அறிவிப்பவர் ‘ஹியர்’ என்பதை ‘தேர்’ என்று மாற்ற வேண்டியதில்லை.

வினா வாக்கியங்களே மிகக் கவனம் தேவைப்படும் பகுதி. ‘எங்கே போகிறாய்?’ என்ற கேள்வியும், ‘எங்கே போகிறாய் என்று கேட்டான்’ என்ற அறிவிப்பும் தமிழில் ஒரே சொல்வரிசையைக் கொண்டவை. ஆங்கிலத்தில் கேள்வியாக இருக்கும்போது முன்னால் வந்த துணைவினை, அறிவிப்பாக மாறும்போது எழுவாய்க்குப் பின்னால் திரும்பிவிட வேண்டும். “ஹி ஆஸ்க்ட் மீ வேர் வாஸ் ஐ கோயிங்” என்பது பிழை. “வேர் ஐ வாஸ் கோயிங்” என்பதே சரி. “வேர் டூ யூ லிவ்?” போன்ற கேள்விகளில் ‘டூ’ கேள்வியை அமைப்பதற்காக மட்டுமே வந்த சொல். கேள்வி நீங்கியதும் அதற்கு வேலை இல்லை. “ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஐ லிவ்ட்” என்று காலத்தை முதன்மை வினையே ஏற்றுக்கொள்கிறது. இதை உணராதவர்கள், “வேர் டிட் ஐ லிவ்” என்றும் “வேர் ஐ டிட் லிவ்” என்றும் எழுதுகிறார்கள். வினாச்சொல்லே எழுவாயாக உள்ள “ஹூ ப்ரோக் த கிளாஸ்?” போன்றவற்றில் மட்டும் வரிசையை மாற்றத் தேவை இல்லை, காலம் மட்டும் “ஹூ ஹேட் ப்ரோக்கன் த கிளாஸ்” என்று நகரும்.

ஆம் அல்லது இல்லை என்று விடை தரத்தக்க கேள்விகளில் ‘இஃப்’ அல்லது ‘வெதர்’ வரும். இவற்றுடன் ‘தட்’ சேர்த்து “ஆஸ்க்ட் தட் வெதர்” என்று எழுதுவது ‘என்று’ என்ற சொல்லைக் கைவிட மனமில்லாததால் வரும் பிழை. ‘என்னிடம் கேட்டான்’ என்பதில் உள்ள ‘இடம்’ என்ற உருபு, “ஆஸ்க்ட் டு மீ” என்ற இன்னொரு பிழைக்கு வழிவகுக்கிறது. “ஆஸ்க்ட் மீ” என்பதே போதும். ‘சொன்னான்’ என்ற ஒரே சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருப்பதும் இதே வகைச் சிக்கலைத் தருகிறது. ‘டோல்ட்’ வந்தால் யாரிடம் என்பது உடனே வர வேண்டும். ‘செட்’ வந்தால் ஆளை நேரடியாகச் சேர்க்கக் கூடாது. “ஹி டோல்ட் தட்” என்பதும், “ஹி செட் மீ” என்பதும் தவிர்க்க வேண்டியவை. வடிவத்தில் கேள்வியாகவும் நோக்கத்தில் வேண்டுகோளாகவும் உள்ளவற்றை வேண்டுகோளாகவே அறிவிக்க வேண்டும். “கேன் யூ ஓபன் த டோர்?” என்று கேட்டவர் நம் திறமையைச் சோதிக்கவில்லை, “ஹி ஆஸ்க்ட் மீ டு ஓபன் த டோர்” என்பதே அவர் கருத்து.

ஏவல் வாக்கியங்களில் “ஹி டோல்ட் மீ டோன்ட் கோ” என்பது பேச்சில் அடிக்கடி காதில் விழுகிறது. எழுத்தில் அது “ஹி டோல்ட் மீ நாட் டு கோ” என்று இருக்க வேண்டும். தடுத்தான் என்ற பொருள் தரும் ‘ஃபர்பேட்’ என்பதைப் பயன்படுத்தும்போது ‘நாட்’ வரவே கூடாது; அந்த வினைக்குள்ளேயே மறுப்பு அடங்கியிருப்பதால், “ஃபர்பேட் மீ நாட் டு கோ” என்றால் போகாமல் இருப்பதைத் தடுத்தான் என்று தலைகீழாகப் பொருள்படும். ‘ரிக்வெஸ்டட்’ என்று எழுதிய பின் ‘ப்ளீஸ்’ என்பதையும் வைத்துக்கொள்வது தேவையற்ற இரட்டிப்பு. ‘லெட் அஸ்’ என்று தொடங்கும் அழைப்புகளை ‘சஜெஸ்டட்’ கொண்டு அறிவிக்கும்போது, “சஜெஸ்டட் மீ டு கோ” என்று எழுதுவது நம்மிடையே வேரூன்றிவிட்ட தவறு. “சஜெஸ்டட் தட் வி ஷுட் கோ” என்றோ, “சஜெஸ்டட் கோயிங்” என்றோ எழுத வேண்டும்.

வியப்பு வாக்கியங்களுக்கு “எக்ஸ்க்ளெய்ம்ட் வித் ஜாய்” என்றும் “வித் சாரோ” என்றும் எழுதுவது தேர்வுக்கான நடை. மகிழ்ச்சியா துயரமா என்பதைச் சூழலைப் பார்த்தே எழுத வேண்டும். எல்லா வியப்புக் குறிக்கும் மகிழ்ச்சியைச் சேர்த்துவிடக் கூடாது. ‘வாட் எ’ என்று தொடங்கும் வாக்கியத்தில் அந்தத் தொடக்கத்தை நீக்கி ‘வெரி’ போன்ற சொல்லைச் சேர்த்தால் போதுமானது. ‘தேங்க் யூ’, ‘குட் மார்னிங்’ போன்றவற்றை ‘தட்’ போட்டு மாற்ற முயல வேண்டாம். “ஹி தேங்க்ட் மீ” என்றும், “ஹி விஷ்ட் மீ குட் மார்னிங்” என்றும் அந்தச் செயலையே வினையாக்கி எழுதினால் வாக்கியம் சரியாக அமையும்.